உச்சியில் ஊற்றிய தண்ணீர்

எங்கள் பங்குக் கோயில் ஆண்டு மலருக்கு நாலு பக்கம் எழுதித் தரும்படி சாமியார் ஆள் விட்டிருந்தார். பிரசவ வார்டில் இத்தனை வருஷம் வேலை பார்த்தவள், ராக்கினி அம்மாளிடம் தொழில் கற்றவள், அதனால் அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டுமாம். படிக்கிறவர்களுக்குத் தெம்பு வருகிற மாதிரி இருக்க வேண்டும் என்றும் சொல்லியனுப்பினார். தெம்புக்கு நான் எங்கே போவேன்? கடையில் விற்றால் முதலில் எனக்கல்லவா வாங்கியிருப்பேன்! எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். அச்சில் போடுவதும் அடுப்பில் போடுவதும் அவர் இஷ்டம்.

நான் பிறந்தது வண்டியூருக்கும் கிழக்கே ஒரு குக்கிராமத்தில். அப்பா போன பிறகு கன்னியர் மடத்தில் வளர்ந்தேன். அவர்களே மருத்துவச்சிப் படிப்புக்கு அனுப்பினார்கள். படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எலும்புகளின் பெயரை இங்கிலீஷில் உருப்போட்டேன், மலை மலையாகத் துணி வெளுத்தேன், பாஸ் செய்தேன். வெள்ளைக்காரன் காலத்தில், மதுரை நகரத்தில் பொதுப் பணத்தில் நடந்த ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அதன் பெயர் இங்கே வேண்டாம்.

ராக்கினி அம்மாள்தான் பிரசவ வார்டுக்குத் தலைமை நர்ஸ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, மடத்திலும் சேரவில்லை. குட்டையான உருவம். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை நடக்கும்போது சரசரக்கும். அந்தச் சத்தம் கேட்டாலே ஆயாக்கள் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிமிர்ந்து நிற்பார்கள். ஆனால் அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால், நாம் செய்த வேலையை நம் கண்முன்னே பிரித்துப் போட்டு முதலிலிருந்து தானே செய்வார். நான் விரித்த படுக்கையில் ஒரு சுருக்கம் இருந்தால் போதும், பேசாமல் உருவியெடுத்து, மறுபடி விரித்து, மூலைகளை மடித்துச் செருகிவிட்டுப் போய்விடுவார். இதற்கு நாலு திட்டுத் திட்டியிருந்தால் தேவலை என்று எனக்கு அழுகை வரும்.

குறைமாதப் பிள்ளைகள் என்றால் அவருக்கு உயிர். சூட்டுப்பெட்டி எல்லாம் நாங்கள் கேள்விப்படாத காலம். பிரம்புக் கூடையில் பஞ்சைப் பரப்பி, பிள்ளையை மூக்கும் வாயும் மட்டும் தெரியும்படி பஞ்சிலேயே சுற்றி, பக்கங்களில் வெந்நீர்ப் புட்டிகளைத் துணி சுற்றி வைப்போம். ஒவ்வொரு புட்டியையும் ராக்கினி அம்மாள் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் கூடைக்குள் விடுவார். நம் கை லைசால் மருந்து தின்ற கை, அதற்குச் சூடு தெரியாது, நம்பாதே என்பார். தாய்ப்பாலைப் பீய்ச்சி, பேனாவுக்கு மை போடும் பில்லரால் சொட்டுச் சொட்டாக நாக்கின் ஓரத்தில் விட வேண்டும். நடு நாக்கில் விட்டால் புரையேறிவிடும். வக்கீல் வீட்டுப் பிள்ளையானாலும் தோட்டி வீட்டுப் பிள்ளையானாலும் அதே கன்னம், அதே பொறுமை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு அவரை ஈவு இரக்கம் இல்லாதவர் என்று பேசியவர்கள் உண்டு. அவர்களில் ஒருத்தரும் ஒரு பிள்ளையையும் கூடையில் வைத்துப் பார்த்ததில்லை.

இனி அந்த இன்னொரு வேலைக்கு வருகிறேன். சாகப்போகிற பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது. சாமியார் வந்து சேர நேரமில்லை என்றால் யாரும் கொடுக்கலாம் என்று எங்கள் சபையில் சட்டம் இருக்கிறது. ஞானஸ்நானம் இல்லாமல் செத்த பிள்ளை மோட்சத்தின் வாசலைத் தாண்டாது என்று எங்களுக்கு ஞானோபதேச வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்திருந்தால் எந்த வம்பும் இல்லை. அஞ்ஞானிகள் வீட்டுப் பிள்ளைக்கும், அப்போது எங்கள் வாயில் அந்த வார்த்தைதான் வரும், சாகும் தறுவாயில் கொடுக்கலாம், தாய் தகப்பனைக் கேட்க வேண்டியதில்லை என்று இருந்தது. ராக்கினி அம்மாள் கொடுத்தார். எங்கள் வேதத்து, அதாவது கத்தோலிக்க, நர்சுகள் எல்லோருக்கும் கற்றுக் கொடுத்தார். நாங்களும் கொடுத்தோம்.

அதிலும் அவருக்கு ஒழுங்கு உண்டு. பிள்ளை நிச்சயமாகச் சாகப்போகிறது என்று தெரிய வேண்டும். நகக்கண்ணைப் பார்ப்பார், மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பார், உச்சிக்குழியை விரலால் தடவிப் பார்ப்பார். பிழைக்க ஒரு பொட்டு வழி இருந்தாலும் தொடக்கூடாது. பிழைத்துவிட்டால் அது வேதத்துப் பிள்ளை. அஞ்ஞானி வீட்டில் வளர விட்டதற்கு யார் பதில் சொல்வது? தண்ணீர் வெறும் தண்ணீராக இருக்க வேண்டும், மருந்து கலந்தது ஆகாது. ஈரத்துணியால் ஒற்றினால் செல்லாது. மயிரில் பட்டால் போதாது, தோலில் பட்டு ஓட வேண்டும். ஊற்றுகிறவளே, ஊற்றும்போதே, பிதா சுதன் என்று தொடங்கும் அந்த வரியைச் சொல்ல வேண்டும். பார்க்கிறவர்களுக்கு முகம் துடைத்துவிடுகிற மாதிரிதான் தெரியும். பிறகு பிள்ளைக்கு ஒரு பெயர் வைப்பார். அந்தப் பெயர் அவருக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரியும்.

சோழவந்தான் பக்கத்திலிருந்து வெள்ளையம்மாள் என்ற பெண்ணைக் கொண்டுவந்தார்கள். புருஷன் வீட்டார் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர்கள். தலைச்சன் பிரசவம், மாசம் நிறையவில்லை. பெண் குழந்தை பிறந்தது. உள்ளங்கையில் வைத்தால் காலும் தலையும் மட்டும் வெளியே தெரியும், அம்புட்டுத்தான். இரண்டாம் நாள் மூச்சு விட்டு விட்டு வந்தது, நகம் நீலம் பாரித்தது. ராக்கினி அம்மாள் வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். நான் சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்தேன்.

தாய் தூங்குகிறாள் என்று நினைத்தோம். அவள் விழித்துக்கொண்டிருந்தாள். ஏன் பிள்ளை தலையில் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டாள். சூடு இறங்கட்டும் என்று, பயப்படாதே என்றார் ராக்கினி அம்மாள். பனிக்கட்டியாகச் சில்லிட்டுக் கிடந்த பிள்ளைக்கு என்ன சூடு? ஆனால் அந்தத் தாய் ராக்கினி அம்மாள் தன் கன்னத்தில் புட்டி வைத்துப் பார்ப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள். அவர் சொன்னதை அப்படியே நம்பினாள்.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. அன்று சாயந்தரமே மூச்சு ஒரு நிதானத்துக்கு வந்தது. மறுநாள் பில்லரை நாக்கால் தள்ளியது. வெள்ளையம்மாள் சிரித்தாள், வார்டே சிரித்தது. ராக்கினி அம்மாள் மட்டும் படியில் போய் உட்கார்ந்துகொண்டார். பணி நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். “என் கண்ணு தப்பாப் பாத்துருச்சு அந்தோணி,” என்றார் என்னிடம். சந்தோஷமும் பயமும் ஒன்றாக அவர் முகத்தில் இருந்தது, எது எது என்று பிரிக்க முடியவில்லை. சாமியாரிடம் போய்க் கேட்டார். பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்க முடியாது, வெளியே சொல்லாதே, வேண்டிக்கொள், மற்றதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று அவர் சொல்லியனுப்பினார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். இருந்தோம்.

வாயை மூடாதவள் வெள்ளையம்மாள். ஊருக்குப் போனவள் வாய் ஓயாமல் சொன்னாள்: செத்துக் கிடந்த பிள்ளையின் உச்சியில் நர்சம்மா தண்ணி ஊத்தினாக, பொழைச்சிருச்சு என்று. பிள்ளைக்குப் பேச்சி என்று குலதெய்வத்தின் பெயரை வைத்தார்கள். கொடிக்கால்களில் வேலை செய்கிற பெண்கள், வெற்றிலைக் கட்டோடு மதுரைக்கு வருகிற பெண்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. கொஞ்ச நாளில், காய்ச்சல் கண்ட பிள்ளையும் சூம்பிப்போன பிள்ளையுமாக இடுப்பில் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வர ஆரம்பித்துவிட்டார்கள். மருந்து வேண்டாம், அந்தத் தண்ணியை ஊத்துங்க என்று கேட்டார்கள்! ராக்கினி அம்மாள் அது மருந்தில்லை, போங்கள், டாக்டரைப் பாருங்கள் என்று கெஞ்சுவார். அவர் மறுக்க மறுக்க, தண்ணீரின் மகிமை கூடிக்கொண்டே போயிற்று.

கடைசியில் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவருக்குச் சங்கதி புரிந்தது. அவர் சின்ன வயதில் எங்கள் ஆட்களிடம் படித்தவர். அது வேதத்தில் சேர்க்கிற தண்ணீர் என்று வெள்ளையம்மாளின் மாமனாரிடம் சொல்லிவிட்டார். முதன்முதலாகக் காங்கிரஸ் மந்திரிசபை உட்கார்ந்திருந்த சமயம் அது. தேரடியில் கூட்டம் போட்டார்கள், நோட்டீஸ் அடித்தார்கள். ஊர்ப் பணத்தில் நடக்கிற ஆஸ்பத்திரியில் பெற்றவளுக்குத் தெரியாமல் பிள்ளையை மதம் மாற்றுவதா என்று கேட்டார்கள். கேட்டதில் என்ன தப்பு என்று எனக்கு அப்போதே தோன்றியது. கோயில் வாசலில் அதை வாய்விட்டுச் சொன்னதற்கு எங்கள் ஆட்களே என்னைக் கரித்துக் கொட்டினார்கள்.

விசாரணை வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பான பெரிய டாக்டர் நாமம் போட்டவர், நல்ல மனுஷர். ராக்கினி அம்மாள் கையில்லாமல் பிரசவ வார்டு நடக்காது என்று அவருக்குத் தெரியும். விசாரணைக்கு முதல் நாளே எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

“ஜுரத்துக்காக உச்சியிலே ஜலம் விட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கோ. நான் டாக்டர், ஆமாம்னுடறேன். அதோட போச்சு,” என்றார்.

அன்று வெளியே வந்ததும் நான் ராக்கினி அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டேன். உங்களுக்காக வேண்டாம், எங்கள் வேலைக்காகவும் வேண்டாம், அந்தப் பெண்ணுக்காகச் சொல்லிவிடுங்கள், அவள் புருஷன் வீட்டில் வாழ வேண்டியவள் என்று கெஞ்சினேன். அவர் கையை உருவிக்கொள்ளவில்லை. “தாயிட்டப் பொய் சொல்லிட்டேன் அந்தோணி. அதுவே என்னைத் தூங்கவிடலை. இப்ப ஊர் கூடி நிக்கையில ஆண்டவரையும் மறுதலிக்கச் சொல்றியா?” என்று மட்டும் கேட்டார். நான் அவர் கையை விட்டுவிட்டேன்.

மறுநாள் டாக்டர் அறையில் ஊர்ப் பெரிய மனிதர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளையம்மாளும் புருஷனும் மாமனாரும் சுவரோரம் நின்றார்கள். பிள்ளை அவள் இடுப்பில் இருந்தது. கொழுகொழுவென்று, காதில் ஓலைச்சுருள் போட்டு. முதலில் அவளைத்தான் கேட்டார்கள். அவள் துளிகூடப் பயப்படவில்லை.

“தண்ணிதானய்யா ஊத்துனாக. சூடு எறங்கட்டும்னு ஊத்துனாக. எம்பிள்ளைக்கு உசுரு குடுத்த மகராசி அவுக. அவுகளப் போயி வெசாரிக்கிறீகளே,” என்றாள்.

அதற்குமேல் என்ன வேண்டும்? டாக்டர் ராக்கினி அம்மாளைப் பார்த்து, அப்படித்தானே என்கிற மாதிரி தலையை ஆட்டினார். ஒரு ‘ஆமாம்’ போதும். ராக்கினி அம்மாள் டாக்டரைப் பார்க்கவில்லை. வெள்ளையம்மாளைப் பார்த்துச் சொன்னார்:

“சூட்டுக்கு ஊத்தலை வெள்ளையம்மா. ஞானஸ்நானம் குடுத்தேன்.”

“அப்பிடின்னா?”

“எங்க வேதத்துல சேத்தேன். செத்துரும்னு நெனச்சுத்தான் குடுத்தேன், தாயி. கடவுள்கிட்டப் போகட்டும்னு.”

அறையில் சத்தம் கிளம்பியது. வெள்ளையம்மாள் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. அவள் ஒன்றையே பிடித்துக்கொண்டு நின்றாள். “செத்துரும்னு தெரிஞ்சுதான் ஊத்துனீகளா? எங்கிட்டப் பயப்படாதன்னீகளே?” என்றாள். பிறகு, “அப்ப இவ எம்பிள்ள இல்லையா?” என்று கேட்டாள்.

“உம்பிள்ளதான். ஆனா...” என்றார் ராக்கினி அம்மாள். வெள்ளையம்மாள் பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு, எங்களுக்கு எட்டாத பக்கத்துக்கு, மாற்றிக்கொண்டாள்.

ராக்கினி அம்மாளை வேலையிலிருந்து நீக்கினார்கள். எங்கள் வேதத்து நர்சுகளை மூலைக்கு ஒருத்தியாகத் தூக்கிப் போட்டார்கள். பிரசவம் பார்க்க ஆள் போதாததால் என்னை மட்டும் வார்டிலேயே வைத்துக்கொண்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் ராக்கினி அம்மாளை வேதசாட்சி என்றார்கள். பூசை முடிந்து வெளியே வந்தவருக்கு மாலை போட்டார்கள். தேரடிக் கூட்டத்தில் நம் தாய்க்குலத்தின் மானம் என்று தொண்டை கிழியப் பேசினார்கள். இரண்டு இடத்திலும் நல்ல கூட்டம், நல்ல கைதட்டல். வெள்ளையம்மாள் என்ன ஆனாள் என்று இந்தப் பக்கமும் கேட்கவில்லை, அந்தப் பக்கமும் கேட்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இரண்டு மேடையையும் சாய்த்திருப்பேன். யார் மேல் கோபப்படுவது என்றே தெரியாமல் நான் வார்டுக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

பிள்ளையை அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. பெற்ற பிள்ளையை யார் என்ன செய்வார்கள்? பேச்சியம்மன் கோயிலில் வைத்து ஏதோ சாந்தி கழித்ததாகக் கேள்விப்பட்டேன். ஆனால் அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து பிரசவத்துக்கு எங்கள் ஆஸ்பத்திரிக்கு யாரும் வருவதில்லை என்று ஆகிப்போனது. முன்பு வாசலில் தண்ணீர் கேட்டு வந்து நின்ற பெண்கள் எல்லாம் ஊரோடு நின்றுகொண்டார்கள். வராதவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு எப்படித் தெரியும்? வந்த ஒருத்தியைத்தான் தெரியும்.

யுத்தம் ஆரம்பித்த வருஷம், உச்சி வெயிலில் ஒரு கூண்டு வண்டி வாசலில் வந்து நின்றது. மூன்றாம் நாள் வலி. பிள்ளை குறுக்கே கிடந்து, ஒரு கை மட்டும் வெளியே வந்து வீங்கியிருந்தது. ஊர் மருத்துவச்சி முடிந்தமட்டும் பார்த்துவிட்டுக் கைவிட்ட பிறகு, வேறு வழியில்லாமல் கொண்டுவந்திருந்தார்கள். முதல் நாளே வந்திருந்தால் நானே திருப்பி எடுத்திருப்பேன். இதை ஜம்பத்துக்குச் சொல்லவில்லை, அது நாங்கள் வாரா வாரம் செய்கிற வேலை. படுக்கையில் கிடத்தி முகத்தைத் துடைத்தபோதுதான் வெள்ளையம்மாள் என்று தெரிந்தது. அவளுக்கும் என்னைத் தெரிந்துவிட்டது.

கருப்பை கிழிந்துபோயிருந்தது. பிரசவ வார்டு டாக்டரம்மா கத்தியை எடுக்கச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார், ஆனால் என்னைப் பார்த்த பார்வையிலேயே நம்பிக்கை இல்லை. வெள்ளையம்மாளின் உதடு வெடித்துக் கிடந்தது. நான் தம்ளரில் தண்ணீர் கொண்டுபோனேன். அவள் வாயை இறுக மூடிக்கொண்டு தலையைத் திருப்பிக்கொண்டாள். கையால் தன் உச்சியைப் பொத்திக்கொண்டாள்.

“தண்ணி மட்டும் ஊத்திராதீக நர்சம்மா. நான் எங்க ஆளுகளோட போறேன்,” என்றாள்.

“ஊத்தமாட்டேன் தாயி. சத்தியமா ஊத்தமாட்டேன். குடிக்கத்தான்,” என்றேன். அவள் நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? கூடத்தைக் கழுவிக்கொண்டிருந்த இந்து ஆயாவைக் கூப்பிட்டுத் தம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் தள்ளி நின்றேன். வெள்ளையம்மாள் அவளிடம் இரண்டு மடக்குக் குடித்தாள். டாக்டரம்மா திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது. பிள்ளை முன்பே போயிருந்தது. நான் சுவரில் சாய்ந்துகொண்டு சத்தம் போட்டு அழுதேன். வார்டில் நான் அப்படி அழுதது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ராக்கினி அம்மாள் அப்போது மடத்தை ஒட்டிய ஓர் அறையில் இருந்தார். நான் எப்போது போனாலும் பேச்சி எப்படி இருக்கிறாள், யாரையாவது விசாரித்தாயா என்றுதான் முதலில் கேட்பார். அன்று அவர் கேட்குமுன் நானே சொன்னேன். வெள்ளையம்மாள் செத்துப்போய்விட்டாள், முதல் நாளே வந்திருந்தால் பிழைத்திருப்பாள், வரவிடவில்லை, வரவிடாமல் செய்தது நாம்தான் என்று கொட்டித் தீர்த்தேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். பிறகு கேட்டார்:

“நீ பக்கத்துல இருந்தியா?”

“இருந்தேம்மா.”

“தண்ணி ஊத்துனியா?”

என் காதை என்னாலேயே நம்ப முடியவில்லை. வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டாள், ஊற்றவில்லை என்றேன். வேண்டுமென்றே கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார், வேதம் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். வேலை போன அன்று அழாதவர், கோயில் வாசலில் மாலை போட்டபோது கல்லாக நின்றவர். அழுகை கொஞ்சம் அடங்கிய பிறகு, என்னிடம் இல்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார்:

“நாளைக்கு மோட்சத்துல அந்தப் பிள்ளை பேச்சி வந்து, எங்கம்மா எங்கன்னு கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?”

நான் எழுந்து வந்துவிட்டேன். தாயை வெளியே நிறுத்திவிட்டுப் பிள்ளையை மட்டும் உள்ளே விடுகிற மோட்சம் எனக்கு வேண்டவே வேண்டாம் என்று வாய்வரை வந்தது. அன்றும் சொல்லவில்லை, இத்தனை வருஷமாகச் சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லவில்லை. ஒருவேளை மோட்சம் அப்படித்தான் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயம்.